ஏரிக்கு எந்தப் படகு: மரத் தோணியா, பைபரா, பரிசலா?

இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் மன்னார்குடிப் பக்கம் ஓர் ஏரியில் மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கிறார். இன்னொருவர் கொள்ளிடத்துப் படுகையில் குடியிருக்கிறார், ஆடி ஆவணியில் ஆறு பெருகினால் அவர் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிடும். மூன்றாமவர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் தம்பி. அவருடைய தாத்தாவின் தட்டையடித் தோணி எட்டு வருடமாகக் களத்துமேட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்வதா, விற்றுவிட்டுப் பைபர் (கண்ணாடி இழைப்) படகு வாங்குவதா என்று குழம்பிப்போயிருக்கிறார்.

மூவருக்கும் நான் வேறு வேறு பதில்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பதிலுக்கு வந்த வழி ஒன்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வீராணம் ஏரியின் கரையில் வளர்ந்தவன். பெரியப்பாவின் மரத் தோணியில் கழி ஊன்றப் பழகி, பிறகு ஆறு வருடம் சொந்தமாகப் பைபர் படகு வைத்திருந்து, இப்போது மறுபடி மரத்துக்கே வந்திருப்பவன். மரத்தின் மேல் எனக்குப் பாசம் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் எல்லா ஏரிக்கும் மரம் ஒத்துவராது.

## விலை கேட்பதற்கு முன்னால்

பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி விலை கேட்பதற்கு முன்னால் உங்கள் தண்ணீரைப் பற்றிச் சில கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, தண்ணீர் வருடத்தில் எத்தனை மாதம் நிற்கிறது? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். திறப்பு தள்ளிப்போகிற வருடங்களும் உண்டு. ஆற்றுத் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்துகொண்டால், சாதாரண ஏரியில் மாசி பங்குனி வரை தண்ணீர் கிடக்கும். சித்திரையில் உள்ளே ஆடு மேயும். வீராணத்தின் கதை வேறு. 2004-இலிருந்து சென்னைக்குக் குடிநீர் போவதால், கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொண்டுவந்து திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள். அதுவும் வற்றிய கோடைகள் உண்டு, இருந்தாலும் பெரும்பாலான மாதங்கள் தண்ணீர் பார்க்கலாம். இரண்டு ஏரியும் ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கலாம். படகு என்று வரும்போது இரண்டும் இரண்டு உலகம்.

இரண்டாவது, ஆழமும் அடியும். முழங்கால் தண்ணீரா, ஆள் ஆழமா? கரையோரம் காட்டாமணக்குப் புதரா, சீமைக் கருவேல் முள்ளா, ஆகாயத்தாமரையா? நம் ஏரிகளில் மூன்றுமே இருக்கும், எது அதிகம் என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது, பாரம். வலையும் இரண்டு ஆளுமா, அல்லது அவசரத்துக்குக் குடும்பமே ஏற வேண்டுமா?

நான்காவது, பழுது வந்தால் கூப்பிட ஆள் இருக்கிறதா? கைபேசியில் ஒரு எண் இருந்தால் போதாது. தண்ணீர் வருவதற்கு முன்னால் நாலு நாள் வந்து உட்கார்ந்து வேலை செய்கிற ஆள் வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி போன்ற ஏரிகள் பறவைகள் சரணாலயங்கள். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே எந்தப் படகையும் இறக்கக் கூடாது. மற்ற ஏரிகளிலும் குத்தகைப் பத்திரத்தில் படகைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

## அடி ஏன் தட்டையாக இருக்க வேண்டும்

எந்தப் பொருளில் செய்திருந்தாலும் ஏரிக்குத் தட்டையடிதான் சரி. இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறேன், பின்னால் பயன்படும்.

16 அடி நீளம், 3 அடி அகலத் தோணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு முனையும் ஒடுங்கிவிடுவதால் தண்ணீரில் உட்காரும் அடிப்பரப்பு 36 சதுர அடி என்று வையுங்கள். தோணியின் எடை 185 கிலோ, இரண்டு ஆள் 130 கிலோ, வலையும் மீனும் 65 கிலோ. மொத்தம் 380 கிலோ. இந்தப் பாரத்துக்குத் தோணி 11 சென்டிமீட்டர்தான் அமிழும், அரைச் சாண். அதற்கு மேல் ஒவ்வொரு 33 கிலோவுக்கும் ஒரு சென்டிமீட்டர் கூடும். முழங்கால் தண்ணீரில் நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு போக முடிந்தது இந்தக் கணக்கினால்தான்.

தட்டையடி நின்றுகொண்டு வலை இழுக்கச் சௌகரியம், சட்டென்று சாயாது. ஆகாயத்தாமரை மேல் வழுக்கிக்கொண்டு போகும். குறையும் உண்டு. காற்று அடித்தால் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும், அலையில் அடி 'பட் பட்' என்று அறையும். வீராணம் சுமார் 14 கிலோமீட்டர் நீளம். ஆடிக் காற்றில் அதன் நடுவே தட்டைத் தோணியில் போவது எனக்கும் பயம்தான். பெரியப்பா ஆடியில் கரையை விட்டு அகலவே மாட்டார்.

## மரத் தோணி

முதலில் மரம். புன்னை, தேக்கு, வாகை, வேம்பு எல்லாம் பலகைக்கு ஆகும். மா மலிவு, ஆனால் சீக்கிரம் உளுத்துவிடும். இலுப்பை உறுதியானது, ஆயுசும் அதிகம், ஆனால் கனம். புன்னையில் 185 கிலோ வரும் தோணி இலுப்பையில் 260-ஐத் தாண்டிவிடும், ஏரிக்கரை ஏற்றுவதற்கு நாலு ஆள் தேட வேண்டும். உள்ளே குறுக்கே கொடுக்கும் வங்குக்கால்களுக்கு நாட்டுக் கருவேலின் இயற்கையாக வளைந்த கிளைதான் சிறந்தது. நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் நார் வெட்டுப்பட்டு, பாரம் விழும் இடத்தில் பிளந்துவிடும்.

மேலே சொன்ன அளவுக்கு ஓர் அங்குலக் கனப் பலகையும் வங்குக்கால்களும் சேர்த்துத் தோணியில் போய் நிற்பது 10 கன அடி. அறுப்பில் கழிவு போக 13, 14 கன அடி வாங்க வேண்டியிருக்கும். ஆசாரி 25 கன அடி கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மரத் தோணியின் இடுக்குகளை மூடுவது ஆணி மட்டும் இல்லை, தண்ணீரும்தான். பலகை தண்ணீர் குடித்து ஊதி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். காய்ந்தால் சுருங்கும். ஒன்பது அங்குலப் பலகை நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கினாலே நாலரை மில்லிமீட்டர் விரிசல், ஒரு நெல்மணி தாராளமாக நுழையும். நடுத்தண்டை ஒட்டி அறுத்த பலகை குறைவாகச் சுருங்கும், ஓரமாக அறுத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் அறுக்கும்போதே பக்கத்தில் நின்று, அடிக்கு நல்ல பலகையைப் பொறுக்கி வைத்துவிடுங்கள்.

கோடையில் என்ன செய்வது? பெரியப்பா தோணியைக் கரையேற்றிக் காய வைக்க மாட்டார். ஏரி வற்றத் தொடங்கியதும் மதகுக்குக் கீழே உள்ள மடுவுக்குத் தள்ளிக்கொண்டு போய், உள்ளே மணல் மூட்டை ஆறு ஏழு போட்டு, மொத்தமாக முக்கிவிடுவார். "காய விட்டியோ போச்சுடா" என்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை, தண்ணீருக்குள் கிடந்தால் மக்கிவிடாதா என்று கேட்டிருக்கிறேன். மக்காது. மரம் மக்குவதற்கு ஈரம், காற்று இரண்டுமே வேண்டும். முழுக்க மூழ்கியிருந்தால் காற்று எட்டாது, முழுக்கக் காய்ந்திருந்தால் ஈரம் இருக்காது. நனைந்தும் நனையாமலும் கிடப்பதுதான் எமன். மழைத் தண்ணீர் அடியில் தேங்கி வெயிலில் வெதுவெதுப்பாகக் கிடந்தால், ஒரே பருவத்தில் வங்குக்காலின் பொருத்து பஞ்சுபோல் ஆகிவிடும். மழைக்காலத்தில் தோணிக்குத் தென்னங்கீற்று போட்டு மூடுங்கள், தேங்கியதை அன்றன்றைக்கு இறைத்துவிடுங்கள்.

ஆனி மாதம் அதை மேலே எடுப்பது எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி. மூட்டைகளைத் தூக்கியதும் தோணி தயங்கித் தயங்கி எழும்பும். உட்காரும் பலகைக்கு அடியில் நிச்சயம் ஒரு கெளுத்தி குடியிருக்கும். தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கழுவி, நிழலில் ஒரு வாரம் மட்டும் ஆற விடுவோம். அப்புறம் கலப்பத்து. பருத்திப் பஞ்சைத் திரியாக முறுக்கி, மழுங்கிய உளியால் இடுக்கில் அடித்து இறக்க வேண்டும். தொடக்கத்தில் அடி 'டொக் டொக்' என்று மந்தமாகக் கேட்கும். பஞ்சு இறுகியதும் சத்தம் 'ணங்' என்று மாறும், அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் பலகை ஊதும்போது நெட்டித் தள்ளி ஆணியைப் பிடுங்கிவிடும். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம். கடைசியாக அடிப்புறம் முழுக்க முந்திரி ஓட்டு எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும். பூச்சி, பூஞ்சை எதுவும் அண்டாது. ஆனால் கையில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நன்னீர் ஏரியில் மரத்துக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு. கடலிலும் கழிமுகத்திலும் பலகையைத் துளைத்துச் சல்லடையாக்கும் கப்பல் புழு இங்கே கிடையாது. ஏரித் தோணியைப் பிச்சாவரத்துக்கோ முத்துப்பேட்டைக் கழிமுகத்துக்கோ கொண்டுபோய் மாதக்கணக்கில் கட்டிவைத்தால் அந்த நிம்மதி போய்விடும்.

மறைமுகச் செலவு என்றால் உங்கள் நாட்கள்தான். வருடத்துக்கு ஐந்தாறு நாள் இதற்கென்றே ஒதுக்க வேண்டும். கலப்பத்து தெரிந்த ஆசாரி கிடைப்பது வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் தேடினால் வயசானவர்களாகச் சிலர் கிடைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே கற்றுக்கொண்டுவிடுங்கள். ஆணியில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண இரும்பாணி துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்து அரித்துவிடும். செம்பாணி விலை அதிகம்தான், தோணி பழசானாலும் பிடுங்கி மறுபடி பயன்படுத்தலாம்.

எட்டு மாதமாவது தண்ணீர் நிற்கிற ஏரி, அல்லது கோடையில் முக்கி வைக்க ஒரு மடு, இதோடு தினமும் தொழிலுக்குப் போகிற ஆள். இந்த இரண்டும் இருந்தால் மரத்துக்கு மிஞ்சி எதுவும் இல்லை. ஒரு பலகை போனால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். அப்படி மாற்றி மாற்றி, பெரியப்பா தோணியில் இன்றைக்கு முதலில் போட்ட பலகை என்று இரண்டுதான் மிச்சம்.

## பைபர் படகு

ஏரி வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிறதா? பைபர்தான். அதற்கு வெயிலில் சுருக்கம் கிடையாது, ஊதலும் கிடையாது. ஆறு மாதம் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, தண்ணீர் வந்த அன்றைக்கே இறக்கலாம். அதே அளவு மரத் தோணியைவிட இலேசு, இரண்டு பேர் இழுத்துவிடலாம். ஓட்டை விழுந்தால் கண்ணாடி இழைத் துணியும் பிசினும் வாங்கி நீங்களே ஒட்டலாம். ஒட்டும் இடம் முழுக்கக் காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் வாங்கும்போது இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒன்று, அடியின் வடிவம். நம் கடலோரப் பட்டறைகளில் உள்ள அச்சுகள் பெரும்பாலும் கடலுக்கானவை. அலையைக் கிழிப்பதற்காக அடி கூராகவும் உருண்டும் இருக்கும். அதை ஏரியில் இறக்கினால் முழங்கால் தண்ணீரில் தரை தட்டும், நின்று வலை இழுத்தால் ஆடும். பட்டறையில் படகைத் தரையில் வைக்கச் சொல்லி, ஒரு விளிம்பில் ஏறி நின்று பாருங்கள்.

இரண்டாவது, மிதவை அறை. மரம் தண்ணீர் நிரம்பினாலும் பெரும்பாலும் மிதந்துகொண்டு கிடக்கும், பிடித்துக்கொள்ளலாம். பைபர் அப்படியில்லை. தண்ணீரைவிடக் கனமான பொருள், நிரம்பினால் நேராக அடிக்குப் போய்விடும். அதனால்தான் முனைகளிலும் உட்காரும் பலகைக்கு அடியிலும் மூடிய அறை வைத்து நுரை நிரப்புவார்கள். என் படகை ஒரு கடலோரப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினேன். நுரைக்குத் தனியாகப் பணமும் கொடுத்தேன். மூன்றாம் வருடம் அமிழ்ந்திருந்த கருவேல் கட்டை ஒன்றில் மோதி முன்பக்கம் கிழிந்தது. கிழிசல் வழியாகக் கைவிட்டுப் பார்த்தால் உள்ளே வெறும் காற்று. கரைக்குப் பத்து அடி தூரம் என்பதால் பிழைத்தேன். மூடுவதற்கு முன்னால் நேரில் போய் நுரையைக் கண்ணால் பாருங்கள், அல்லது தட்டிப் பாருங்கள். நுரை இருந்தால் சத்தம் அடங்கிக் கேட்கும், இல்லையென்றால் குடம்போல் ஒலிக்கும்.

நாலைந்து வருட வெயிலில் மேல்பூச்சு சுண்ணாம்புபோல் உதிர ஆரம்பிக்கும், இழை வெளியே தெரிந்து கை அரிக்கும். கீற்றுப் போட்டு மூடி வைத்தால் இது தள்ளிப்போகும். ஆயுசு முடிந்த பைபரை விறகாக எரிக்கக் கூடாது, புகை நஞ்சு. எடைக்குப் போடலாம் என்றால் வாங்கவும் ஆள் இல்லை. ஏரிக்கரைகளில் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் பைபர் ஓடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

## மரத்தின் மேல் பைபர் அடிப்பது

பழைய தோணி வைத்திருப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை இது: "ஒரு கோட்டு பைபர் அடிச்சிடுங்க, பத்து வருஷம் கவலையில்ல." கேட்க நன்றாக இருக்கிறது. பலகைத் தோணிக்கு இது நல்லதில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

மரம் உள்ளே அசைந்துகொண்டே இருக்கும். மேலே போட்ட ஓடு அசையாது. பலகை ஊதிச் சுருங்கும்போது இடுக்குகளின் மேல் ஓடு முடிபோல் கீறிக்கொள்ளும். பட்டறைகளில் சாதாரணமாகப் பயன்படும் பாலியஸ்டர் பிசின் மரத்தில் அவ்வளவாக ஒட்டுவதும் இல்லை. கீறல் வழியாக நுழையும் தண்ணீர் மரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், வெளியேற வழியில்லை. நனைந்தும் நனையாமலும் என்று மேலே சொன்னேனே, அதே நிலை. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் புட்டு மாதிரி உதிரும். ஓடு போட்ட பிறகு எந்தப் பலகை கெட்டது என்று பார்க்கவும் முடியாது, தனியாகக் கழற்றவும் முடியாது.

நன்றாகக் காய்ந்த மரத்தில், எபாக்சி பிசின் போட்டு, உள்ளும் புறமும் முழுக்க மூடினால் நிற்கும். அதற்கு ஆகும் செலவில் புதுப் பைபர் படகே வாங்கிவிடலாம்.

## பரிசல்

ஒகேனக்கல், மேட்டூர்ப் பக்கம் பார்த்திருப்பீர்கள். மூங்கில் பிளாச்சில் கூடைபோல் முடைந்து, அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது தார்ப்பாயோ சாக்கோ போர்த்தித் தார் பூசுகிறார்கள். பைபரிலும் வருகிறது. தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரே ஆள் நடந்துவிடலாம். மலிவு. பாறைகளுக்கு நடுவே சுழன்று சுழன்று போகும் மேல்காவிரிக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

டெல்டா ஏரியில் அதற்கு இரண்டு கஷ்டம். நேராகப் போகாது. துடுப்பை முன்னால் போட்டு இழுத்துக்கொண்டே போக வேண்டும், காற்று எதிர்த்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். கூடவே கருவேல் முள்ளும் காட்டாமணக்குக் குச்சியும் போர்வையைக் கிழித்துவிடும். சின்னக் குளம், கசம், அல்லது வாரத்துக்கு ஒரு தரம் செவுள் வலை வைத்து எடுக்கிறவர் என்றால் போதும். தார்ப் போர்வையை ஒவ்வொரு பருவமும் புதுப்பிக்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## தெர்மாகோல் மிதவை

ஏரி மீன்பிடியில் இன்றைக்கு அதிகம் கண்ணில் படுவது இதுதான். தெர்மாகோல் துண்டுகளைச் சாக்கில் வைத்துத் தைத்து, மேலே உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டு போகிறார்கள். கையில் காசு இல்லாதவர் வேறு என்ன செய்வார்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கால் இரண்டும் தண்ணீருக்குள் தொங்கும். சிதம்பரத்தைச் சுற்றிப் பழைய கொள்ளிடம், அணைக்கரை, அதை ஒட்டிய வாய்க்கால்களில் முதலை உண்டு, ஆளைப் பிடித்த சம்பவங்களும் உண்டு. அந்தத் தண்ணீரில் மிதவையே வேண்டாம். மற்ற இடங்களிலும் நீச்சல் தெரியாதவர் ஏறக் கூடாது. தெர்மாகோல் உதிர்ந்து வெள்ளை வெள்ளையாக ஏரி முழுக்கப் பரவுவதும், மீன் அதைக் கொத்துவதும் இன்னொரு துன்பம்.

## ஒரு பார்வையில்

| | மரத் தோணி | பைபர் | பரிசல் | மிதவை |
|---|---|---|---|---|
| ஆறு மாதம் காயும் ஏரி | மடு இருந்தால் மட்டும் | நல்லது | பரவாயில்லை | பரவாயில்லை |
| வருடம் முழுக்கத் தண்ணீர் | மிக நல்லது | நல்லது | போர்வை கெடும் | சீக்கிரம் உதிரும் |
| முள், கட்டை | தாங்கும் | கிழியலாம், ஒட்டலாம் | கிழியும் | கிழியும் |
| தண்ணீர் நிரம்பினால் | பெரும்பாலும் மிதக்கும் | நுரை இல்லாவிட்டால் முழுகும் | பைபரானால் முழுகும் | மிதக்கும் |
| வருட வேலை | ஐந்தாறு நாள் | ஒரு நாள் | இரண்டு நாள் | வருடா வருடம் புதுசு |
| முதலை உள்ள தண்ணீர் | சரி | சரி | கவனம் | கூடவே கூடாது |

## அந்த மூன்று பேருக்கு

மன்னார்குடிக் குத்தகைதாரரிடம் பைபரே வாங்கச் சொன்னேன். அவர் ஏரியில் தண்ணீர் ஆறு மாதம்தான், பக்கத்தில் மடுவும் இல்லை, குத்தகையும் சில வருடத்துக்குத்தான். குத்தகை முடிந்தால் விற்றுவிடலாம். தட்டையடி அச்சு இருக்கும் பட்டறையாகத் தேடச் சொன்னேன், நுரையைப் பார்க்காமல் பணம் தர வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன்.

கொள்ளிடக்கரைக்காரர் விஷயம் கொஞ்சம் கனமானது. திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, நாதல்படுகை மாதிரி ஊர்களில் வெள்ளம் என்றால் எப்படி என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர் கேட்டது, அவசரத்துக்கு எட்டுப் பேர் ஏறுகிற மாதிரி மரத் தோணி. மேலே போட்ட கணக்கையே எடுத்துக் காட்டினேன். எட்டுப் பேர் 480 கிலோ, தோணி 185. அமிழ்வது 20 சென்டிமீட்டர். 15 அங்குலச் சுவரில் மிச்சம் 18 சென்டிமீட்டர்தான். ஒருவர் பயந்து பக்கவாட்டில் சாய்ந்தால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஓடும் தண்ணீரில் தட்டையடி குறுக்கே திரும்பிவிட்டால் கழியால் நிறுத்தவே முடியாது, கழிக்கு அடியும் எட்டாது. அவருக்கு நான் சொன்னது: வெள்ளம் சூழ்ந்து நிற்கும் தண்ணீரில், வீட்டிலிருந்து மேட்டுக்குப் போய்வர, ஆடு மாட்டுக்குத் தீனி கொண்டுபோக, நுரை வைத்த பைபர் படகு ஒன்று. ஒரு நடைக்கு ஐந்து பேர், எல்லோருக்கும் உயிர்காப்பு உடை. ஓட்டம் உள்ள ஆற்றைக் கடப்பதற்கு அதை எடுக்கவே கூடாது. வெள்ள எச்சரிக்கை வந்த அன்றைக்கே, தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். வருடத்தில் பத்து நாள்தான் பயன்படும் என்பதால் மரம் அங்கே சரிவராது. மிச்ச நாளெல்லாம் காய்ந்து, வேண்டிய அன்றைக்கு ஒழுகும்.

தாத்தா தோணி வைத்திருக்கும் தம்பி வீட்டுக்கு நேரிலேயே போனேன். பைபர் அடிக்க ஆள் பேசி முன்பணம் கொடுக்க இருந்தார். நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு தோணியைச் சுற்றி வந்தோம். பலகையில் ஓர் அடிக்கு ஓரிடம் குத்திப் பார்ப்பதுதான் சோதனை. கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த இடம் மக்கல். பதினாறு அடியில் மக்கியது இரண்டே இடம்: மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடந்த விளிம்புப் பலகை ஒன்று, ஒரு வங்குக்காலின் நுனி. மற்றதெல்லாம் இலுப்பை, திருப்புளி முனை வழுக்கியது. ஆணியெல்லாம் செம்பு. இடுக்குகள் மட்டும் விரல் நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தன.

முதல் நாள் சாணியும் களிமண்ணும் குழைத்து இடுக்குகளில் அப்பினோம். நாலு பேர் சேர்ந்து வடவாற்றங்கரைக்கு இழுத்துப் போய், ஓட்டமில்லாத ஒதுக்கமான இடத்தில் மணல் மூட்டை போட்டு முக்கினோம். இருபத்தோரு நாள். அந்தத் தம்பி தினமும் போய்க் காலால் தடவிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவார். பத்தாம் நாள் "அண்ணே, நகம் போகலண்ணே" என்றார். மேலே எடுத்தபோது அடிப்பலகை ஒன்பதில் ஏழு தானாகவே சேர்ந்திருந்தன. மிச்சம் இரண்டுக்கும் பஞ்சு அடித்தோம், விளிம்புப் பலகைக்குப் புன்னையில் ஒன்று வாங்கி மாற்றினோம். கழிக்கு மூங்கில் வெட்ட அவர் கொல்லைக்குப் போனபோது, பாட்டி வந்து தோணியின் முன்மூக்கில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருந்தார். பிறகு மஞ்சள் எடுத்துவர உள்ளே போனார்.